ஆப்ஷனில் ‘பெரிய கை’யைத் துரத்துகிறவர்கள் செய்யும் தவறுகள்

மஞ்சக்குப்பத்திலும் திருப்பாதிரிப்புலியூரிலும் டீக்கடை பெஞ்சில்கூட இப்போது ஆப்ஷன் செயின் (ஆப்ஷன் கான்ட்ராக்ட்களை விலைவாரியாகக் காட்டும் பட்டியல்) ஓடுகிறது. காலை பதினொரு மணிக்கு டெலிகிராமில் ஒரு செய்தி விழும்: “24,500 புட்ல பெரிய கை நுழைஞ்சிருக்கு, ஓஐ எகிறுது.” பெரிய கை என்றால் பெரும் பணத்தோடு வரும் நிறுவனம். புட் என்பது இண்டெக்ஸ் இறங்கினால் லாபம் தரும் கான்ட்ராக்ட்; 24,500 அதன் ஸ்டிரைக், அதாவது பேசி வைத்த விலை. ஓஐ என்பது (ஓப்பன் இன்ட்ரஸ்ட்) முடிக்கப்படாமல் நிற்கும் கான்ட்ராக்ட்களின் எண்ணிக்கை. கொஞ்ச நேரத்தில் குரூப்பில் பாதிப் பேர் அதே புட்டை வாங்கியிருப்பார்கள். நுழைந்தது யார், எதற்காக என்று ஒருவரும் கேட்பதில்லை.

யார் என்பது செயினில் தெரியவே தெரியாது. வெளிநாட்டு நிறுவனங்கள் (எஃப்ஐஐ), உள்நாட்டு நிறுவனங்கள், புரோக்கர்களின் சொந்தக் கணக்கு, நம்மைப் போன்ற கிளையன்ட் என்று பிரித்த ஓஐ விவரத்தை தேசியப் பங்குச் சந்தையான என்எஸ்இ வெளியிடுவது சந்தை முடிந்த பிறகுதான். அதிலும் ஸ்டிரைக் வாரியாக எதுவும் இருக்காது. பகலிலேயே “எஃப்ஐஐ வாங்குறான்” என்று அடித்துச் சொல்கிறவர் ஊகத்தைத்தான் சொல்கிறார்.

ஓஐ ஏறுவதை ‘வாங்குகிறார்கள்’ என்று படிப்பது அடுத்த தவறு. ஒவ்வொரு கான்ட்ராக்டிலும் வாங்கியவர் ஒருவர், விற்றவர் ஒருவர். ப்ரீமியமும் (ஆப்ஷனின் விலை) சேர்ந்து ஏறினால் வாங்குகிறவருக்கு அவசரம் அதிகம் என்று ஓரளவு யூகிக்கலாம், அவ்வளவுதான்.

சரி, உண்மையிலேயே ஒரு பெரிய நிறுவனம்தான் புட் வாங்கியது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அது இறக்கத்தை எதிர்பார்க்கிறது என்று சொல்ல முடியாது. பண்ருட்டியில் முந்திரி குடோனுக்கு ஒருவர் இன்சூரன்ஸ் போட்டால், புயல் வரப்போவது அவருக்குத் தெரிந்துவிட்டது என்று யாரும் ஓடமாட்டோம். சரக்கு இருக்கிறது, போடுகிறார். கையில் பல ஆயிரம் கோடிக்குப் பங்கு வைத்திருக்கிறவர் புட் வாங்குவதும் பெரும்பாலும் அந்தக் கதைதான். சந்தை ஏறினால் அவருக்குப் பங்கில் லாபம். புட்டில் போன காசு பிரீமியம் கட்டிய கணக்கு. நம் கையில் பங்கே இல்லை, புட் மட்டும்தான்.

ஒரு பக்கத்தை மட்டும் பார்ப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு 2024 ஜனவரி 17 போதும். அமெரிக்க வர்த்தக நிறுவனமான ஜேன் ஸ்டிரீட் மீது 2025 ஜூலையில் பிறப்பித்த இடைக்கால உத்தரவில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபி அந்த நாளை விரிவாகவே எழுதியிருக்கிறது. செபி சொல்வதன்படி, காலையில் அந்த நிறுவனத்தார் வங்கிப் பங்குகளின் இண்டெக்ஸான பேங்க் நிஃப்டியின் பங்குகளையும் ஃபியூச்சர்களையும் (பின்னொரு தேதிக்கான கான்ட்ராக்ட்) சுமார் 4,370 கோடி ரூபாய்க்கு வாங்கினார்கள். கூடவே ஆப்ஷனில் அதைவிடப் பல மடங்கு பெரிய இறக்கப் பொசிஷன். பிறகு காலையில் வாங்கியதை விற்றுத் தள்ள, இண்டெக்ஸ் இறங்கியது. ஆப்ஷன் காசு கொடுத்தது. செபி முடக்கிய தொகை 4,843 கோடி. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்து மேல்முறையீடு செய்தது. வழக்கு அதன் போக்கில் போகட்டும். அன்று காலை வங்கிப் பங்குகளில் வந்த வாங்கலைப் பார்த்து, ‘பெரிய கை ஏத்துது’ என்று கால் (ஏறினால் லாபம் தரும் ஆப்ஷன்) வாங்கியவரின் நிலையை யோசித்துப் பாருங்கள்.

நேரமும் நம் பக்கம் இல்லை. 40 ரூபாயில் நடந்த வாங்கல் குரூப்புக்கு வந்து சேரும்போது ப்ரீமியம் 55 ஆகியிருக்கும். எக்ஸ்பைரி (கான்ட்ராக்ட் முடியும்) நாளில் இண்டெக்ஸ் நகராமல் நின்றாலே அது கரைந்துபோகும். அந்தப் பெரிய கை எப்போது வெளியேறியது என்று யாரும் செய்தி போடுவதும் இல்லை. ஃபியூச்சர், ஆப்ஷன் வர்த்தகத்தில் தனிநபர்களில் 93 சதவீதம் பேர் 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் நஷ்டப்பட்டதாக செபியின் ஆய்வே சொல்கிறது.

அப்புறம், பலரும் கவனிக்காத ஒன்று பங்கு ஆப்ஷன். நிஃப்டி போலப் பணமாகக் கணக்கு முடியாது, பங்கையே கைமாற்றும் டெலிவரி உண்டு. ஏதோ ஒரு பங்கின் காலில் திடீர் வால்யூம் என்று வாங்கி, அது இன்-த-மணியில் (பங்கின் விலை ஸ்டிரைக்கைத் தாண்டி) இருக்கும்போதே எக்ஸ்பைரி வரை விட்டுவிட்டால், ஒரு லாட்டில், அதாவது ஒரு கான்ட்ராக்டில், உள்ள பங்கு அத்தனைக்கும் முழுப் பணம் கட்ட வேண்டும். சில ஆயிரம் ப்ரீமியம் கொடுத்தவருக்குப் பல லட்சம் தேவைப்படும். எக்ஸ்பைரிக்குச் சில நாள் முன்பே புரோக்கர் கூடுதல் மார்ஜின் (பிணையாக வைக்கும் பணம்) கேட்டு மெசேஜ் அனுப்ப ஆரம்பிப்பார். அதைப் பார்த்த அன்றே பொசிஷனை முடித்துவிடுங்கள்.