பழைய ஸ்ப்ளெண்டரில் தனுஷ்கோடி: கிளம்புவதற்கு முன் செய்ய வேண்டியவை

என்னுடையது 2005 ஹீரோ ஹோண்டா ஸ்ப்ளெண்டர். அப்பா ஓட்டி, அண்ணன் ஓட்டி, தேய்ந்த சீட்டோடு என் கைக்கு வந்தது. சென்னையிலிருந்து தனுஷ்கோடி போகிறேன் என்றதும் "முதல்ல திருவான்மியூரைத் தாண்டுதா பாரு" என்றார் அப்பா. தாண்டியது. கல்பாக்கம் தாண்டி ஒரு கருகல் வாசனை வந்து இறங்கிப் பார்த்தால், இன்ஜினுக்கு அடியில் டிரெயின் போல்ட்டிலிருந்து (பழைய ஆயிலை வடிக்கக் கழற்றுகிற போல்ட்) ஆயில் சொட்டுச் சொட்டாக ஒழுகி சைலன்சர் குழாயில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம்தான் சர்வீஸ் செய்து வாங்கியிருந்தேன். ஆயில் மாற்றியவர் போல்ட்டின் வாஷரை மாற்றவில்லை, அவ்வளவுதான் விஷயம். ஆனால் அதைக் கண்டுபிடிக்க எனக்குக் கிடைத்த இடம் நடுரோடு.

அதனால் முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்: சர்வீஸைக் கிளம்பும் தேதிக்கு இரண்டு வாரம் முன்பே முடியுங்கள். முடித்த பிறகு, கொண்டுபோகப் போகிற பையையும் கட்டிக்கொண்டு, செங்கல்பட்டு வரை ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்த் திரும்புங்கள். நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும். பழைய வண்டியில் ஒன்றைக் கழற்றி மாட்டினால் பக்கத்தில் இருக்கிற இன்னொன்று தளரும், அது தளர்ந்திருப்பது ஓடினால்தான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் டார்ச் அடித்து இன்ஜினுக்கு அடியில், முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கில், கார்புரேட்டருக்குக் கீழே ஈரம் இருக்கிறதா பாருங்கள். ஃபுட்ரெஸ்ட், சைலன்சர், நம்பர் பிளேட் நட்டுகளை ஒரு சுற்று டைட் செய்யுங்கள். அதன் பிறகு எந்த மெக்கானிக்கும் வண்டியைத் தொட வேண்டாம்.

ஆயில் அளவு பார்ப்பதில் பாதிப் பேர் தப்பு செய்கிறார்கள். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு நிறுத்தி, இரண்டு மூன்று நிமிடம் கழித்து ஆயில் குச்சியை எடுத்துத் துடைத்து, திருகாமல் சும்மா உள்ளே விட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். திருகினால் குச்சி ஆழமாக இறங்கி, இருப்பதைவிட அதிகமாகக் காட்டும். பழைய இன்ஜின் ஆயில் குடிக்கும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தினமும் காலையில் பார்த்துக் குறைந்ததை ஊற்றினால் போதும். ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பாருங்கள். வெளிர் பழுப்பாக இருந்தால் நல்லது, கரி படிந்து காய்ந்த கறுப்பாக இருந்தால் பெட்ரோல் அதிகம் போகிறது, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் பிஸ்டன் ரிங், வால்வு சீல் பக்கம் வேலை இருக்கிறது. கடைசி ரகம் என்றால் பயணத்தைத் தள்ளிப் போடுங்கள், உண்மையாகத்தான் சொல்கிறேன்.

பெட்ரோல் ட்யூபைக் கையால் வளைத்துப் பாருங்கள். விறைத்துப் போயிருந்தாலோ வெடிப்பு இருந்தாலோ மாற்றிவிடுங்கள், சில்லறைக் காசுதான். இப்போது பெட்ரோலில் எத்தனால் கலந்து வருகிறது, 2005 வண்டியின் ரப்பர் அதை நினைத்துச் செய்ததில்லை.

அடுத்தது செயின். ஸ்ப்ளெண்டரில் கவருக்குள் ஒளிந்திருப்பதால் யாரும் எட்டிப் பார்ப்பதே இல்லை. கவரில் இருக்கும் சின்ன ரப்பர் மூடியைக் கழற்றி விரலை விட்டு ஆட்டினால் ஏறக்குறைய ஒரு அங்குலம் ஆட வேண்டும். சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள். ஓரிடத்தில் இறுக்கம், ஓரிடத்தில் தொளதொள என்றால் செயினும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேர்த்து செட்டாக மாற்ற வேண்டியதுதான். செயினின் இரண்டு முனையையும் இணைக்கிற செயின் லாக் ஒன்றை எப்போதும் பையில் வைத்திருங்கள். மாட்டும்போது, செயினின் மேல் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்த லாக்கில் இருக்கும் கிளிப்பின் மூடிய முனை வண்டியின் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், மாற்றிப் போட்டால் கழன்று விழ வாய்ப்பு உண்டு.

டயருக்குத்தான் நான் அதிக நேரம் செலவு செய்தேன். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-இன் 23-வது வாரம் தயாரானது. பட்டன் (ரோட்டைப் பிடிக்கிற மேடுகள்) நன்றாக இருந்தாலும் ரொம்பப் பழசானால் ரப்பர் கட்டியாகி ஈரத்தில் வழுக்கும். ஸ்ப்ளெண்டரில் முன்னும் பின்னும் 18 இன்ச் சக்கரம், டயர் அளவும் ஒன்றே, அதனால் ஒரே ஒரு ஸ்பேர் ட்யூப் எடுத்துப் போனால் எந்தச் சக்கரம் பஞ்சரானாலும் சமாளிக்கலாம். ஆனால் ட்யூப் பையில் இருந்து என்ன பயன், மாற்றத் தெரிய வேண்டுமே! வீட்டு வாசலிலேயே ஒரு தடவை பின்சக்கரத்தைக் கழற்றி மாற்றிப் பாருங்கள். எனக்கு முதல் தடவை இரண்டு மணி நேரம் ஆனது, அதிலும் லீவரால் புது ட்யூபைக் கிள்ளி நானே ஓட்டை போட்டேன். ட்யூபில் லேசாகக் காற்று அடித்து, உருண்டையாக்கி உள்ளே விட்டால் கிள்ளாது என்று பஞ்சர் கடை அண்ணன் பிறகு சொல்லிக்கொடுத்தார். கை பம்ப் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள்.

கிளட்ச் கேபிள் விஷயத்தில் ஒரு பழைய தந்திரம் உண்டு. புது கேபிளை மாட்டி, நல்ல நிலையில் இருக்கிற பழையதை அதன் கூடவே ஓடவிட்டு டேப் சுற்றிவிடுங்கள். அறுந்தால் இரண்டு முனையையும் மாட்டினால் போதும், டேங்க்கைக் கழற்ற வேண்டாம். பிரேக்குக்கு, பின்சக்கர டிரம்மில் ஒரு சின்ன அம்புக்குறி இருக்கும். பெடலை முழுக்க மிதிக்கும்போது அது எதிரே இருக்கும் குறியைத் தொட்டால் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்துவிட்டது என்று அர்த்தம். சென்டர் ஸ்டாண்டில் முன்சக்கரத்தைத் தூக்கி ஃபோர்க்கை முன்னும் பின்னும் ஆட்டினால் டக் டக் என்று வந்தால் கோன் செட்டை, அதாவது ஹேண்டில்பார் திரும்புகிற இடத்து பேரிங்கை, கவனிக்க வேண்டும்.

பேப்பர்கள்: ஆர்.சி.யைத் திறந்து செல்லுபடியாகும் தேதியைப் பாருங்கள். பைக்குக்கு 15 வருடம்தான், அதற்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸில் காட்டி ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். பழைய வண்டிக்காரர்கள் பலர் இதில்தான் மாட்டுகிறார்கள். இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் தெரிந்ததுதான்.

பையை வலது பக்கம் தொங்கவிடாதீர்கள், சைலன்சர் அங்கேதான். தொங்குகிற வாரை எல்லாம் மடித்துக் கட்டுங்கள்.

சரி, ஓட்டுவது. கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாக ராமேஸ்வரம் 550 கிலோமீட்டருக்கு மேல். முதல் தடவை ஒரே நாளில் போகாதீர்கள், வேளாங்கண்ணியில் தங்குங்கள், லாட்ஜுக்குப் பஞ்சமே இல்லை. 97 சிசி இன்ஜின் மணிக்கு 55 கிலோமீட்டர் வேகத்தில் நாள் முழுக்கப் பாடிக்கொண்டே போகும், 75-இல் கதறும். ஐப்பசி, கார்த்திகையில் போனால் மழை உறுதி. தை மாதம் அருமை, ஆனால் அறுவடை நேரம் என்பதால் நாகைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் காயும், இருட்டின பிறகு ஓட்டவே கூடாது. ரிசர்வில் ஓடி பெட்ரோல் போட்டால் டேங்க் அடியில் இருக்கும் பெட்ரோல் குழாய்த் திருகைத் திரும்ப 'ஆன்' பக்கம் திருப்புங்கள். நான் திருப்ப மறந்து, தொண்டி தாண்டி ரிசர்வும் காலியாகி, இரண்டு கிலோமீட்டர் தள்ளினேன்.

பாம்பன் பாலத்தில் பக்கவாட்டுக் காற்று இந்த எடை குறைந்த வண்டியை ஒரு முழம் நகர்த்தும், பஸ் கடக்கும்போது இன்னும் மோசம். வேகத்தில் 40-க்குக் கீழே வாருங்கள், கைப்பிடியை இறுக்காமல் பிடியுங்கள். தனுஷ்கோடியின் கடைசி முனையான அரிச்சல்முனை ரோட்டில் மணல் படிந்திருக்கும், அங்கே முன் பிரேக்கைத் தொடாதீர்கள். ஸ்டாண்ட் போடும்போது அடியில் ஒரு தட்டைக் கல் வையுங்கள், இல்லாவிட்டால் கடலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வண்டி சாயும். திரும்பும்போது ராமநாதபுரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் நல்ல தண்ணீரால் அடிக்கச் சொல்லி, செயினுக்கு ஆயில் விட்டுவிட்டுக் கிளம்புங்கள். நான் வீட்டுக்குப் போய்க் கழுவிக்கொள்ளலாம் என்று விட்டதில் ஸ்போக்ஸ் எல்லாம் துருப்பிடித்தன, அப்பா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.