நடுக்குவாத ஆராய்ச்சிக்கு அரசு எவ்வளவு தருகிறது? பத்து ரூபாயில் கேட்கலாம்

என் மனைவிக்கு வந்திருப்பது பார்கின்சன், நம் பேச்சில் நடுக்குவாதம். கை நடுங்குவதற்கு முன்பே பாஸ்புத்தகக் கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி சுருங்கிவிட்டது. சத்துவாச்சாரியில் வங்கிக்காரர் "பழையபடி போடுங்கம்மா" என்று படிவத்தைத் திருப்பித் தந்தபோதுதான் கவனித்தேன்.

இந்த நோயின் ஆராய்ச்சிக்கு அரசு என்ன செலவழிக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டேன். முதல் மனு வீண். "ஏன் போதிய நிதி ஒதுக்கவில்லை?" என்று கோபமாகக் கேட்டிருந்தேன், தகவல் கேட்கவில்லை என்று ஒரு வரியில் முடித்துவிட்டார்கள். யோசித்தால் அதுவும் சரிதான். 2005ஆம் ஆண்டுச் சட்டம் கோப்பில் இருப்பதைத்தான் தரச் சொல்கிறது. 'ஏன்' என்று ஆரம்பித்தால் போச்சு.

இப்படிக் கேளுங்கள்: "2022 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, பார்கின்சன் தொடர்பாக வெளி நிறுவனங்களுக்கு அனுமதித்த ஆராய்ச்சித் திட்டங்களின் பட்டியல்: தலைப்பு, நிறுவனம், அனுமதித்த தொகை, ஆண்டுவாரியாக விடுவித்த தொகை." கடைசி இரண்டையும் ஒரே தொகையாக்கிவிடாதீர்கள். சீர்வரிசை பேசுவது ஒன்று, வண்டியில் வந்து இறங்குவது ஒன்று. மனுவைப் பெறும் நிறுவனம் தன் சொந்த ஆராய்ச்சி நிலையங்களில் செலவழித்ததை அடுத்த கேள்வியாகப் போடுங்கள்.

மனு போக வேண்டிய இடம், புதுடெல்லி அன்சாரி நகரில் உள்ள இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் பொதுத் தகவல் அலுவலர். உயிரி தொழில்நுட்பத் துறைக்கும் இதே கேள்விகளைத் தனி மனுவாக அனுப்புங்கள்.

கட்டணம் 10 ரூபாய். மத்திய அரசின் ஆர்.டி.ஐ. தளத்திலேயே கட்டலாம். நான் காட்பாடிப் பக்கம் தபால் ஆபீஸில் காலம் தள்ளியவன், எனக்குப் போஸ்டல் ஆர்டர்தான். 'கணக்கு அதிகாரி' என்று பெறுபவர் வரியை நிரப்புங்கள். அதைக் காலியாக விட்டுக் கவரை ஒட்டியவர்கள் எத்தனை பேர்! வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்குக் கட்டணம் கிடையாது, சான்று நகல் வைத்தால் போதும். எதற்குக் கேட்கிறீர்கள் என்று எழுத வேண்டியதில்லை; நான் மனைவியின் கதையை இரண்டு பக்கம் எழுதிவிட்டு அப்புறம் கிழித்துப் போட்டேன்.

30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் இல்லை. அங்கேயும் சரிப்படவில்லையா, 90 நாளுக்குள் மத்தியத் தகவல் ஆணையம். பதிலுக்கான 30 நாள் கணக்கு, மனு அங்கே போய்ச் சேர்ந்த தேதியிலிருந்துதான். அதனால் ஸ்பீட் போஸ்ட் ரசீதை மனு நகலோடு பின் அடித்து, பட்டுவாடா ஆன தேதியைப் பார்த்து அதன்மேலேயே குறித்து வையுங்கள்.