காது மிஷினுக்கு அச்சு எடுக்கப் போகிறீர்களா? போவதற்கு முன் இதைப் படியுங்கள்

எத்தனை ஆயிரம் கொடுத்து வாங்கிய காது மிஷினாக இருந்தாலும், காதுக்குள் உட்காரும் பகுதி சரியாகப் பொருந்தாவிட்டால் ‘கீ’ என்று விசில் அடிக்கும், காது வலிக்கும், போட்டுக்கொள்ளவே மனம் வராது. அந்தப் பொருத்தத்தின் அஸ்திவாரம், காதுக்குள் சிலிக்கான் பசையை நிரப்பி அதன் வடிவத்தை அச்சாக எடுக்கும் அந்தச் சில நிமிடங்களில் விழுந்துவிடுகிறது. அதனால் அங்கே என்ன நடக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டு போய் உட்காருங்கள்.

எல்லோருக்கும் அச்சு தேவைப்படாது. ரெடிமேட் ரப்பர் குமிழோடு வரும் மெல்லிய ஒயர் மிஷின்கள் பலருக்கு அப்படியே சரியாக இருக்கும். காதுக்குள்ளேயே அடங்கும் மிஷினுக்கும், காதின் பின்னால் மாட்டும் பவர் மிஷினுக்கான (சத்தத்தை அதிகம் கூட்டித் தரும் மிஷின்) மோல்டுக்கும்தான் அச்சு வேண்டும். மோல்டு என்பது உங்கள் காது அளவுக்கே செய்து காதுக்குள் வைக்கும் பகுதி.

1. போகும் முன்

காதில் அழுக்கு இருந்தால் இ.என்.டி. டாக்டரிடம் எடுத்துக்கொள்ளுங்கள். பட்ஸ் போட்டுக் குடையாதீர்கள், அது அழுக்கை உள்ளேதான் தள்ளும். சீழ் வடிவது, செவிப்பறையில் ஓட்டை, காதில் ஆபரேஷன், ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் மாத்திரை, இதில் எது இருந்தாலும் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். பல்செட் போடுகிறவர்கள் அதைப் போட்டுக்கொண்டே போங்கள், காரணம் கீழே வருகிறது. அச்சு எடுப்பவர் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு பெற்ற ஆடியாலஜிஸ்ட்தானா, அதாவது கேட்கும் திறனைச் சோதிக்கும் நிபுணர்தானா என்று கேட்பதில் தவறே இல்லை.

2. விளக்கு வைத்துப் பார்ப்பது

ஓட்டோஸ்கோப் என்ற விளக்குக் கருவியை வைத்து இரண்டு காதையும் முதலில் பார்க்க வேண்டும். பார்க்காமல் நேராக அச்சுப் பசையைக் கலக்க ஆரம்பித்தால், “கொஞ்சம் காதைப் பார்த்துட்டு ஆரம்பிங்க” என்று சொல்லுங்கள்.

3. நூல் கட்டிய பஞ்சு

முழு வேலையிலும் முக்கியமானது இதுதான். பெரியவர்களின் காதுக்குழாய் சுமார் 2.5 செ.மீ. நீளம், போகும் வழியில் இரண்டு இடத்தில் வளையும். இரண்டாவது வளைவுக்குச் சற்று அப்பால் ஸ்பாஞ்ச் அல்லது பஞ்சு அடைப்பை வைப்பார்கள், அதன் நூல் வெளியே தொங்கும். ஊற்றும் சிலிக்கான் செவிப்பறையைத் தொடாமல் காப்பது இந்த அடைப்புதான். குழாயை விடச் சிறியதாக இருந்தால் ஓரத்தில் சிலிக்கான் கசிந்து உள்ளே போய்விடும். மேலோட்டமாக வைத்தால் அச்சின் நுனி குட்டையாகும், மோல்டு பிடிப்பில்லாமல் கழன்று வரும்.

அடைப்பை உள்ளே தள்ளும்போது சிலருக்கு இருமல் வரும். தொண்டைக்குப் போகும் வேகஸ் நரம்பின் ஒரு கிளை காதுக்குழாய் வரை வருவதால் அப்படி. பயப்பட வேண்டாம், தலையை ஆட்டாமல் கையைத் தூக்கிக் காட்டுங்கள், நிறுத்துவார்கள். கூர்மையான வலி இருந்தால் பொறுத்துக்கொள்ளாதீர்கள்.

4. சிலிக்கான்

இரண்டு பசைகளைச் சப்பாத்தி மாவு போலப் பிசைந்து ஊசியில்லாத சிரிஞ்சிலோ, கன் வைத்தோ நிரப்புவார்கள். ஜில்லென்றிருக்கும், காது அடைத்துக்கொள்ளும். பசையைப் பொறுத்து 3 முதல் 5 நிமிடத்தில் இறுகிவிடும்.

இப்போது சுண்டுவிரலைக் காது வாசலில் வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். குழாய் அசைகிறதா? தாடை மூட்டு அதற்கு நேர் முன்னால் இருக்கிறது. அதனால்தான் வாயை அசைக்காமல் இருக்கவோ, திறந்து வைக்கவோ, மெல்லவோ சொல்வார்கள். சொன்னதை மட்டும் செய்யுங்கள். பல்செட்டைக் கழற்றினால் தாடை உட்காரும் விதமே மாறிவிடும்.

5. எடுப்பதும் சரிபார்ப்பதும்

காது மடலை இழுத்துக் காற்றுப் பிடிப்பை விடுவித்து, மெதுவாகத் திருகி எடுப்பார்கள். அடைப்பும் கூடவே வந்ததா என்று பாருங்கள். அதன் பிறகு மறுபடியும் விளக்கு வைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

அச்சைக் கையில் வாங்கிப் பாருங்கள். நுனி நீளமாக இரண்டு வளைவையும் காட்ட வேண்டும். குமிழியோ மடிப்போ பள்ளமோ இருந்தால் இன்னொன்று எடுக்கச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள், நல்ல ஆடியாலஜிஸ்ட் நீங்கள் கேட்கும் முன்பே அதைச் செய்வார்.

வீட்டிலேயே அச்சு எடுக்கும் கிட் ஆன்லைனில் கிடைக்கிறது. தயவுசெய்து வேண்டாம். செவிப்பறை ஓட்டை வழியாகச் சிலிக்கான் உள்ளே போய் ஆபரேஷன் செய்து எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு.

6. மோல்டு வந்த பிறகு

கெட்டியான அக்ரிலிக் மோல்டைக் கை நடுங்கும் பெரியவர்கள் மாட்டுவது சுலபம். குழந்தைகளுக்கும் பவர் மிஷினுக்கும் மெத்தென்ற சிலிக்கான் நல்லது. சிவப்புக் குறி வலது காது, நீலம் இடது. மாட்டிக்கொண்டு பேசிப் பாருங்கள், மென்று பாருங்கள். உறுத்தும் இடத்தைத் தேய்த்துக் கொடுப்பார்கள். விசில் நிற்கவில்லை என்றால் அச்சையே மறுபடி எடுக்க வேண்டியிருக்கும்.

குழந்தைகளுக்குக் காது வளர்ந்துகொண்டே இருப்பதால், கைக்குழந்தைக்குச் சில மாதங்களிலேயே மோல்டு லூசாகிவிடும். மிஷின் திடீரென விசில் அடிக்க ஆரம்பித்தால் சத்தத்தைக் குறைத்துச் சமாளிக்காதீர்கள். குறைத்தால் பிள்ளைக்குப் பேச்சு கேட்காது. அந்த வாரமே புது அச்சுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள்.