ஏலத்துக்குப் போகும் மணிகளும் நம் ஊர் ஆங்கிலமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

“மட் பீட்ஸ், சாண்டல் கலர், வித் டாலர், 10 நோஸ், சீப் அண்ட் பெஸ்ட்.” இணைய ஏலத்தில் இப்படி ஒரு தலைப்பைப் போட்டால் தருமபுரிக்காரர் எவருக்கும் உடனே விளங்கும்: சந்தன நிறத்தில் சுடுமண் மணிகள், நடுவில் ஒரு பதக்கம், மொத்தம் பத்து உருப்படி, விலையும் கட்டுப்படியாகும். இதையே ஒஹாயோவிலோ யார்க்‌ஷயரிலோ உட்கார்ந்து படிப்பவருக்குத் தெரிவது சேறு, செருப்பு நிறம், கூடவே ஒரு டாலர் நோட்டு, பத்து ‘மாட்டேன்’கள், மட்டமான சரக்கு. கொஞ்சம் மிகைப்படுத்தித்தான் சொல்கிறேன், ஆனால் அதிகம் இல்லை.

கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டங்களில் வீட்டிலிருந்தபடி மணி செய்பவர்கள் வெளிநாட்டு ஏலத் தளத்தில் கால் வைக்கும்போது முதலில் பயப்படுவது ஆங்கில இலக்கணத்துக்கு. வீண் பயம். வினைச்சொல் ஒன்று பிசகினால் வாங்குபவர் கண்டுகொள்வதே இல்லை. நஷ்டம் வருவதெல்லாம் நாம் சுத்தமான ஆங்கிலம் என்று நம்பிக்கொண்டிருக்கும் சொற்களால்தான். அவற்றை யாரும் திருத்தித் தருவதும் இல்லை. பக்கத்து வீட்டு ஆங்கில ஆசிரியரும் அதே சொற்களைத்தான் பயன்படுத்துகிறார். ஓசூர்ச் சந்தையில் தெலுங்கில் விலை கேட்டு, கன்னடத்தில் பேரம் பேசி, தமிழில் காசை எண்ணி வாங்கும் ஆட்களுக்கு இது பெரிய விஷயமாக இருக்கக் கூடாது. ஆங்கிலம் என்று வந்துவிட்டால் மட்டும் அது ஒரே மொழி என்ற மயக்கம் நமக்கு வந்துவிடுகிறது.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் எடுப்பவர் கூட்டை அள்ளிப் பார்க்கிறார், அழுத்திப் பார்க்கிறார், பிறகுதான் விலை சொல்கிறார். இணையத்தில் ஏலம் கேட்பவருக்குத் தொட்டுப் பார்க்க எதுவும் இல்லை. படமும் உங்கள் சொல்லும் மட்டுமே. ஈபே போன்ற தளத்தில், வந்த பொருள் விவரித்தபடி இல்லை என்று அவர் புகார் செய்தால் திருப்பி அனுப்பும் செலவும் விற்றவர் தலையில்தான் விழும். 15 டாலர் மணிச்சரத்தை அமெரிக்காவிலிருந்து பாலக்கோட்டுக்குத் திரும்ப வரவழைக்க 15 டாலருக்கு மேலேயே ஆகும். பொருளையும் பணத்தையும் சேர்த்து விட்டுவிட வேண்டியதுதான்.

மண்ணுக்கும் நிறத்துக்கும் வைக்கும் பெயர்

சுடுமண் மணியை ‘மட்’ என்று எழுதாதீர்கள். அது மழை பெய்த வண்டிப்பாதையில் கிடப்பது. ‘கிளே பீட்ஸ்’ என்பதிலும் சிக்கல் உண்டு. அமெரிக்காவில் இன்று அந்தச் சொல்லைத் தேடினால் வருவது பாலிமர் களிமண்ணால் ஆன, பல வண்ண வட்டத் தகடுகள். பள்ளிப் பிள்ளைகள் கைவளையம் கோப்பதற்கானவை. அவற்றின் விலையோடு உங்கள் சுடுமண் போட்டி போட முடியாது. ‘டெரகோட்டா’ நல்ல சொல், ஆனால் அது செங்காவி நிறத்துக்கும் பெயர் என்பதால் பிளாஸ்டிக் மணியும் அந்தப் பெயரில் வரும். ஆகவே டெரகோட்டாவுடன் ‘ஃபயர்ட் எர்தன்வேர்’ என்றும் சேர்த்துவிடுங்கள். மாடியில் பானைக்குள் உமியும் வறட்டியும் போட்டுச் சுட்டிருந்தால் ‘கில்ன்’ என்று எழுத வேண்டாம், ‘ஃபயர்ட்’ போதும். மெருகு பூசாத சுடுமண் தண்ணீர் உறிஞ்சும், மேலே தீட்டியது அக்ரிலிக் வண்ணம் என்பதையும் சொல்லிவிடுவது நல்லது. அங்கே பலர் நகையோடே குளிப்பவர்கள்.

நிறங்களில்தான் நம் ஊர்ப் புடவைக்கடை ஆங்கிலம் முழுதாக வெளிப்படும். ‘சாண்டல்’ நமக்குச் சந்தனம், மற்றவர்களுக்குச் செருப்பு. அதைச் சரிசெய்கிறேன் என்று ‘சாண்டல்வுட் பீட்ஸ்’ என எழுதினால் இன்னும் மோசம்: சந்தன மரத்தில் செய்த மணி என்று பொருளாகிவிடும், சந்தன மர ஏற்றுமதிக்கோ கட்டுப்பாடு உண்டு. ‘பேல் பேஜ்’ அல்லது ‘க்ரீம்’ என்று முடித்துக்கொள்ளுங்கள். ‘ஹாஃப் ஒயிட்’ என்றால் மணியின் ஒரு பாதி வெள்ளை, மறுபாதி வேறு நிறம் என்றுதான் அவர் எதிர்பார்ப்பார். அவர்கள் சொல் ‘ஆஃப் ஒயிட்’. ‘ராமர் கிரீன்’, ‘ராணி பிங்க்’, ‘ஆஷ் கலர்’ இவையெல்லாம் சேலம் தாண்டினாலே தடுமாறும். ‘ஐவரி’ சரியான ஆங்கிலம்தான், என்றாலும் தந்தம் விற்பது தடை செய்யப்பட்ட தளங்களில் அந்தச் சொல் வீண் சந்தேகத்தைக் கிளப்பும். அதைத் தொடவே வேண்டாம்.

எழுத்துக்கூட்டலையும் பாருங்கள். நகைக்கான சொல்லில் பிரிட்டிஷார் எழுதுவதைவிட அமெரிக்கர் ஓர் ‘எல்’லும் ஓர் ‘இ’யும் குறைவாக எழுதுவார்கள். ‘கலர்’ என்பதில் ‘யு’ பிரிட்டனில் உண்டு, அமெரிக்காவில் இல்லை. ஈபே தலைப்புக்கு 80 எழுத்துகள்தான் இடம். இரண்டு வடிவத்தையும் அதில் திணித்தால் பொருளின் பெயருக்கே இடம் இருக்காது. யாருக்கு விற்கிறீர்களோ அவர்கள் வழக்கைத் தலைப்பில் வையுங்கள். மற்றது கீழே விவரத்தில் வரட்டும்.

‘டாலர்’ பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். டாலர் செயின் என்றால் தமிழ்நாடு முழுக்கப் பதக்கச் சங்கிலி. அமெரிக்கத் தளத்தில், அதுவும் விலைக்கு அருகில், ‘வித் டாலர்’ என்று இருந்தால் படிப்பவர் அதைப் பணம் என்றுதான் எடுத்துக்கொள்வார். ‘பென்டன்ட்’ என்று எழுதுங்கள். ‘செயின்’ என்பதும் அங்கே உலோகக் கண்ணிகள் கோத்தது மட்டுமே. நூலில் கோத்த மணி ‘ஸ்ட்ராண்ட்’, கழுத்தில் போட்டுக்கொள்ளும்படி முடித்தது ‘நெக்லஸ்’.

சட்டத்தில் மாட்டிவிடும் சொற்கள்

நகைக்கடையில் ‘ஆன்டிக்’ என்றால் பழுப்பேறியதுபோல் தெரியும் பூச்சு. போன வாரம் செய்த ஜிமிக்கியும் ஆன்டிக்தான். வெளிநாட்டில் அந்தச் சொல்லுக்கு வயது உண்டு: அமெரிக்கச் சுங்கக் கணக்கில் 100 ஆண்டுக்கு மேற்பட்டதே ஆன்டிக். நம் நாட்டிலும் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் மற்றும் கலைச்செல்வங்கள் சட்டப்படி 100 ஆண்டுக்குக் குறையாத பழம்பொருளைத் தனியார் ஏற்றுமதி செய்ய முடியாது. ஆகவே நேற்றுச் சுட்ட மணிக்கு நீங்களே ‘ஆன்டிக்’ என்று சீட்டு எழுதி அஞ்சலகத்தில் கொடுத்தால், வாங்குபவரை ஏமாற்றியவராகவோ நாட்டின் பழம்பொருளைக் கடத்துபவராகவோ, இரண்டில் ஒருவராக நிற்பீர்கள். ‘ஆன்டிக் ஃபினிஷ்’ என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது. ‘விண்டேஜ்’ என்பதற்கும் கைவினைப் பொருள் விற்கும் எட்சி தளத்தில் குறைந்தது 20 வயது வேண்டும்.

இது நம் மாவட்டங்களில் வெறும் சொல் பிரச்சினையாக நிற்பதில்லை. மயிலாடும்பாறையில் கிடைத்த சான்றுகளை வைத்துத் தமிழகத்தின் இரும்புக் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் அரசு அறிவித்த மண் இது. மல்லசந்திரத்தில் கற்திட்டைகள் வரிசையாக நிற்கின்றன. இப்படிப்பட்ட ஊரில் ஏர் ஓட்டும்போது பழைய மணி ஒன்று கிடைத்தால், புது மணிச்சரத்தின் நடுவில் அதைக் கோத்து ‘ரியல் ஆன்டிக்’ என்று ஏலம் விட ஆசை வரும். வேண்டாம். மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த மதிப்புள்ள பொருளை ஆட்சியருக்குத் தெரிவிக்கச் சொல்லி 1878இலேயே புதையல் சட்டம் இருக்கிறது. அது வைத்த வரம்பு பத்து ரூபாய்.

‘சீட் பீட்ஸ்’ இன்னொரு குழி. நாம் விதையில் செய்த மணியை அப்படி எழுதுகிறோம். மணிக் கைவினை ஆங்கிலத்தில் அது கடுகளவு கண்ணாடி மணி. (அதன் அளவெண் கூடக் கூட மணி சிறுக்கும், 15ஆம் எண் மணி 11ஆம் எண்ணைவிடச் சிறியது.) ருத்ராட்சமோ வேறு கொட்டையோ என்றால் ‘நேச்சுரல் சீட்’ என்று செடியின் பெயரோடு எழுதுங்கள். ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் விதையை எல்லையிலேயே நிறுத்திச் சோதிக்கும். குன்றிமணியை எந்த நாட்டுக்கும் அனுப்பாதீர்கள். தங்கம் நிறுத்த மணி என்று நமக்குப் பெருமை இருக்கலாம். உள்ளே இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. அந்த மணி கோத்த கைவளையங்களை இங்கிலாந்தின் ஈடன் புராஜெக்ட் 2011இல் திரும்பப் பெற்றது.

‘ஜெர்மன் சில்வர்’ என்பதில் வெள்ளி இல்லை. செம்பு, நிக்கல், துத்தநாகம். தலைப்பில் ‘சில்வர்’ என்று மட்டும் போட்டால் பிரிட்டனில் அது ஹால்மார்க் முத்திரைச் சட்டத்துக்குள் போகும். நிக்கல் கலந்த நகைக்கு ஐரோப்பாவில் வேறு சட்டக் கட்டுப்பாடு. ‘பேர்ல்’ என்று வெறுமனே எழுதினால் அமெரிக்க வணிக ஆணையத்தின் நகை வழிகாட்டுதல்படி அது சிப்பிக்குள் மனிதர் தலையீடு இல்லாமல் தானாக விளைந்த முத்து. நம்முடையது பெரும்பாலும் ‘இமிடேஷன்’. அதே வழிகாட்டுதலில் ‘ஹேண்ட்மேட்’ என்பதற்கும் வரையறை இருக்கிறது: பொருளின் உருவாக்கம் முழுவதும் கைவேலையாக இருக்க வேண்டும். பிரோசாபாத் கண்ணாடி மணியை வாங்கிக் கோத்தவர் ‘ஹேண்ட் ஸ்ட்ரங்’ என்று சொல்லலாம், அதற்கு மேல் கூடாது. தீச்சுடரில் கண்ணாடிக் கம்பியை உருக்கித் தாங்களே மணி செய்பவர்களுக்கு ‘லேம்ப்வொர்க்’ என்ற தனிச் சொல் இருக்கிறது, அதற்கு மதிப்பும் இருக்கிறது. ஆனால் சூளையில் வைத்து மெல்ல ஆறவிட்டீர்களா என்ற கேள்வி உடனே வரும். ஆறவிடாத மணி அட்லாண்டிக் தாண்டுவதற்குள் விரிசல் விடும்.

அளவை மில்லிமீட்டரில், துளையின் விட்டத்தோடு சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்துப் படம் எடுப்பதால் பயனில்லை; அந்த நாணயத்தை அவர் பார்த்ததே கிடையாது. ‘10 நோஸ்’ என்பதற்குப் பதில் ‘லாட் ஆஃப் 10’. பத்துக்கும் சேர்த்து ஒரே விலை என்பது அதில் அடங்கிவிடும். தேதியில் மாதத்தை எழுத்தால் எழுதுங்கள்: 5/6 நமக்கு ஜூன் ஐந்து, அமெரிக்கருக்கு மே ஆறு.

ஏலம் நடக்கும் விதம்

ஈபே தன் இந்தியத் தளத்தை 2018இல் மூடிவிட்டதால் இங்கிருந்து விற்பவர் நேரே அமெரிக்க, பிரிட்டிஷ் தளங்களில்தான் நிற்கிறார். அங்கே கேட்பவர் தன் உச்ச விலையை முன்பே ரகசியமாகப் பதிந்துவிடலாம். தளமே அவருக்காகப் படிப்படியாக ஏற்றும். ஒருவர் 20 டாலர், இன்னொருவர் 12 டாலர் என்று பதிந்தால் ஏலம் 20க்குப் போகாது, 12.50இல் நிற்கும். விலையை முடிவு செய்வது இரண்டாவது ஆள். அந்த இரண்டாவது ஆள் வராவிட்டால் நீங்கள் வைத்த தொடக்க விலையே முடிவு விலை. ஆகவே கூட்டம் சேரட்டும் என்று 99 சென்ட்டில் தொடங்குவது, பெயர் எடுத்த கலைஞருக்குச் சரி. புதிதாக வருபவருக்குத் தற்கொலை. கூலியும் மண்ணும் கட்டுப்படியாகும் விலையில் தொடங்குங்கள். மச்சானைவிட்டு ஏற்றிக் கேட்கச் சொல்லும் வேலையும் வேண்டாம். உறவினர் கேட்பதைத் தளம் மோசடி என்றே எடுத்துக்கொள்ளும், கணக்கை முடக்கும்.

அனுப்பும் செலவைக் கூட்டிப் போட்டு அதில் லாபம் பார்க்கலாம் என்பார்கள். தளத்தின் கட்டணம் அஞ்சல் செலவையும் சேர்த்த மொத்தத்தின் மீதுதான் கணக்கிடப்படுகிறது.

ஏழு நாள் ஏலம் தொடங்கிய அதே மணிக்குத்தான் முடியும். சமையல் வேலை முடித்து இரவு ஒன்பதுக்கு ஏற்றினால் நியூயார்க்கில் அப்போது காலை. கேட்க வேண்டியவர் அலுவலகத்தில் இருப்பார். கடைசி நிமிடத்தில்தான் விலை ஏறும் என்பதால் இது முக்கியம். அங்கே ஞாயிறு இரவு ஒன்பது என்றால் இங்கே திங்கள் காலை 6.30, நவம்பர் முதல் மார்ச் வரை, அவர்கள் கடிகாரத்தை மாற்றிக்கொள்ளும் காலத்தில், 7.30. பால் வாங்கப் போகும் முன் ஏற்றிவிடுங்கள்.

ஏற்றுமதிக்கான ஐஇசி எண்ணும் அஞ்சலகத்தின் ஏற்றுமதி மையமான டாக் கர் நிர்யாத் கேந்திராவில் பதிவும் இல்லாமல் தொடங்காதீர்கள். சுங்கப் படிவத்தில் ‘கிஃப்ட்’ என்று எழுதச் சொல்லும் வாங்குபவருக்கு இணங்காதீர்கள். 800 டாலர் வரை வரியில்லாமல் அமெரிக்காவுக்குள் போன காலம் 2025 ஆகஸ்ட் 29ஓடு முடிந்துவிட்டது. வரியை யார் கட்டுவது என்பதை ஏல விவரத்திலேயே எழுதிவிட வேண்டும்.

கடிதம் எழுதும்போதும் படிக்கும்போதும்

ஏலம் முடிந்த பிறகு வாங்குபவரோடு பேச வேண்டியிருக்கும். ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்று தொடங்கினால் அவரை நம்பவில்லை என்று பொருள். ‘கொஸ்டின்’ என்று கேளுங்கள். ‘ஐ வில் இன்டிமேட் யூ’ என்று ஒரு பெண்மணிக்கு எழுதிவிடாதீர்கள், விளைவு சங்கடமாக இருக்கும். ‘ரிவர்ட்’ நமக்குப் பதில் எழுதுவது, அவர்களுக்குப் பழைய நிலைக்குத் திரும்புவது. விற்பனையை ரத்து செய்யச் சொல்கிறீர்கள் என்று நினைக்கலாம். பெயர் இல்லாமல் வெறும் ‘டியர்’ போடுவது அநாவசிய நெருக்கம். ‘சீப்’ என்ற சொல்லை எங்கேயும் விடாதீர்கள்.

அவர்கள் எழுதுவதும் ஒரே மாதிரி இருக்காது. தென்னாப்பிரிக்கர் ‘ஜஸ்ட் நவ்’ பணம் அனுப்புகிறேன் என்றால் இப்போது இல்லை, பிறகு எப்போதாவது. ஆஸ்திரேலியரின் ‘ஆர்வோ’ பிற்பகல். அமெரிக்கர் ‘குவைட் நைஸ்’ என்று எழுதினால் நன்றாகவே பிடித்திருக்கிறது. அதையே பிரிட்டிஷார் எழுதினால் சுமார் என்று பொருளாகலாம். பிரிட்டிஷ் வாங்குபவர் ‘எ பிட் டிஸப்பாயின்டட்’ என்று எழுதியிருந்தால் ‘கொஞ்சம்தானே’ என்று விட்டுவிடக் கூடாது. அன்றே படம் அனுப்பச் சொல்லிக் கேட்டு, பாதித் தொகையைத் திருப்பித் தருவதா, மாற்று மணி அனுப்புவதா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள். புகாராகப் பதிவாகும் முன்.