நீள்வட்டத்தில் அந்தக் கோணம் எங்கே இருக்கிறது?

சிங்கப்பூர் ஈசூனில் என்னிடம் டியூஷனுக்கு வரும் ஜேசி (தொடக்கக் கல்லூரி) பிள்ளைகளிடம் நீள்வட்டத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, "இதன் எக்சென்ட்ரிக் கோணம் எவ்வளவு?" என்று கேட்டால், மையத்திலிருந்து நேரே அந்தப் புள்ளிக்குக் கோடு போட்டுக் கோணமானியை வைத்துவிடுவார்கள். அங்கே வைத்தால் கிடைக்காது.

கட்டத்தாளும் காம்பஸும் எடுங்கள். ஜிசி (வரைபடக் கணிப்பான்) இப்போதைக்குப் பையிலேயே இருக்கட்டும். ஒரே மையத்தில் 5 செ.மீ., 3 செ.மீ. ஆரத்தில் இரண்டு வட்டங்கள். மையத்திலிருந்து (4, 3) வரை ஒரு கோடு. அந்த முனை பெரிய வட்டத்தின் மேலேயே இருக்கும், சின்ன வட்டத்தைக் கோடு (2.4, 1.8)-இல் வெட்டும். பெரிய வட்டத்துப் புள்ளியிலிருந்து செங்குத்தாகக் கீழே இறங்குங்கள், சின்ன வட்டத்துப் புள்ளியிலிருந்து கிடையாக வலப்பக்கம் போங்கள். இரண்டும் சந்திக்கும் (4, 1.8), அகலத்தில் பெரிய வட்டத்தையும் உயரத்தில் சின்ன வட்டத்தையும் தொடும் நீள்வட்டத்தின் புள்ளி. கோட்டின் சாய்வான 36.87 பாகைதான் அதன் எக்சென்ட்ரிக் கோணம்.

புள்ளி கோட்டின் மேல் இல்லை, கவனித்தீர்களா? மையத்திலிருந்து நேரே அளந்தால் 24.23 பாகைதான் வரும். தே கோப்பையின் வாயைச் சாய்த்துப் பார்ப்பது போல, பெரிய வட்டத்தின் உயரம் மட்டும் ஐந்தில் மூன்றாகச் சுருங்கியிருக்கிறது, அகலம் அப்படியே. புள்ளி கீழே இறங்கிவிட்டது, கோணம் மட்டும் வட்டத்தில் இருந்த பழைய இடத்துக்குரியது. அச்சுகளின் முனைகளில் மட்டும் இரண்டு அளவும் ஒன்றாகும்.

சரி, புள்ளியைக் கொடுத்துக் கோணம் கேட்டால்? கிடைத்தொலைவை 5-ஆல் வகுத்தால் கோசைன், உயரத்தை 3-ஆல் வகுத்தால் சைன். இரண்டின் குறியையும் பாருங்கள். (−4, −1.8)-க்கு சைனைக் கோசைனால் வகுத்து வரும் டேனை மட்டும் வைத்துக் கோணம் கேட்டால் ஜிசி 36.87 என்றே சொல்லும். சரியான விடை 216.87. மார்க் போவது பெரும்பாலும் இங்கேதான்.

இந்தக் கோணம் இருந்தால் குவியத்திலிருந்து தொலைவு காண வர்க்கமூலம் வேண்டாம். குவியங்கள் (நீள்வட்டத்தின் எந்தப் புள்ளியிலிருந்தும் இவை இரண்டுக்கும் உள்ள தொலைவுகளின் கூட்டுத்தொகை மாறாது) நீண்ட அச்சில் மையத்திலிருந்து இருபுறமும் 4 செ.மீ. தள்ளி இருக்கின்றன, வலது குவியத்திலிருந்து தொலைவு 5 − 4 × அந்தக் கோணத்தின் கோசைன். நம் புள்ளிக்கு 1.8. குவியத்துக்கு நேர் மேலே இருப்பதால் தாளிலேயே சரிபார்க்கலாம். 1609-இல் கெப்ளர் செவ்வாயின் பாதையைக் கணக்கிட்டதும் இந்தக் கோணத்தை வைத்துத்தான்.

அப்புறம், கோணத்தோடு 90 கூட்டிப் பாருங்கள்: (−3, 2.4). இரண்டு புள்ளிகளுக்கும் மையத்திலிருந்து உள்ள தொலைவுகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 19.24 + 14.76 = 34, அதாவது 25 + 9. எந்தக் கோணத்தில் தொடங்கினாலும் இதே 34 வரும்.