வரப்பில் நடுகல் கண்டால்

உங்கள் ஊர் ஏரிக்கரையிலோ வயல் வரப்பிலோ, வில்லும் வாளுமாய் ஒரு வீரன் நிற்கும் பலகைக்கல், அதாவது செத்த வீரனின் நினைவாக நட்ட நடுகல், தட்டுப்பட்டால், உடனே கடப்பாரையைத் தேடாதீர்கள். வேலூர், திருவண்ணாமலை, ஜவ்வாது மலையடிவாரம் என்று முப்பது வருடம் கல்வெட்டுப் படியெடுத்து அலைந்தவன் சொல்கிறேன்: மழை, வெயிலைவிட நம் ஆர்வம்தான் கல்லை அதிகம் கெடுக்கும்.

மண் ஒட்டியிருந்தால் தண்ணீர் தெளித்து, மெத்தென்ற பிரஷால் துடைத்தால் போதும். ஆசிட், சோப்பு எதுவும் வேண்டாம். வேலையில் சேர்ந்த புதிதில் நானே கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, இரண்டு எழுத்தின் தலையைக் கரைத்திருக்கிறேன். எழுத்துக்குள் சாக்பீஸ் பூசுவதும் தப்பு. கல்லில் இருப்பதை விட்டுவிட்டு நாம் நினைத்ததை எழுதிவிடுவோம்.

படம் எடுக்க உச்சி வெயில் ஆகாது. காலை ஏழு மணிச் சாய்வெயில், இல்லையென்றால் இருட்டியபின் பக்கவாட்டில் டார்ச். தேய்ந்துபோன வட்டெழுத்தும் (பழைய தமிழ் எழுத்து வகை) அப்போது நிழல் கட்டி எழுந்து நிற்கும். பக்கத்தில் ஓர் அடி ஸ்கேல் வையுங்கள்.

மைப்படி, அதாவது கல்வெட்டை மையால் தாளில் படியெடுப்பது, தனி வித்தை. நனைத்த தாளைக் கல்லில் ஒட்டி, எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கும்வரை பிரஷால் தட்ட வேண்டும். ஈரம் முக்கால்வாசி வற்றியதும் மையொற்றியால் (மை தோய்த்த துணிப் பொதி) மெல்ல ஒற்றினால், கறுப்பில் எழுத்து வெள்ளையாகத் தெரியும். அவசரப்பட்டால் மை ஊறிக் கல்லில் இறங்கிவிடும். பழகியவர் கூட இல்லாமல் தொடாதீர்கள்.

இந்த வேலையில் சாகசம் உண்டா என்று கேட்பார்கள். கல்லடியில் கட்டுவிரியன், குகை வாயிலில் மலைத்தேனீ, எல்லாம் பார்த்தாயிற்று. எனக்குப் பயம், “புதையலா சார்?” என்று சுற்றி நிற்கும் கூட்டத்தைப் பார்த்துத்தான். நாம் போனதும் ராத்திரியே யாராவது தோண்டிவிடுவார்கள். அதனால் கல்வெட்டை அங்கேயே உரக்கப் படித்துக் காட்டிவிடுவேன். திருவண்ணாமலை மாவட்டத்து எடத்தனூர்க் கல்லைப் பற்றியும் சொல்வேன். பல்லவ மன்னன் மகேந்திரவர்மனின் முப்பத்து நாலாம் ஆட்சியாண்டில் எருமை காக்கச் செத்த கத்தி என்ற வீரனுக்கும், திருடர் இருவரைக் கடித்துக் காத்து நின்ற கோவிவன் என்ற அவன் நாய்க்கும் எடுத்த கல் அது. நாய்க்கே பேர் பொறித்திருக்கிறார்கள் என்றதும் புதையல் பேச்சு அடங்கிவிடும்.

அப்புறம் சர்வே எண், படம், அளவு சேர்த்து கிராம நிர்வாக அலுவலருக்கும் மாநிலத் தொல்லியல் துறைக்கும் மனு கொடுத்து, ஒப்புகை வாங்கி வையுங்கள். நீங்களாகப் பெயர்த்து வேறு இடத்தில் நட்டு சிமெண்ட் போடாதீர்கள். நின்ற இடமும் சான்றுதான்.

கல்லை வேடியப்பன் என்ற கிராம தெய்வமாகக் கும்பிடும் ஊர்களில் சண்டைக்குப் போகாதீர்கள். ஒடுகத்தூர்ப் பக்கம் ஒரு பாட்டியிடம், “பெயின்ட் மட்டும் வேண்டாம்மா” என்றேன். “பொங்கலுக்குக்கூட சுண்ணாம்பு அடிக்கக் கூடாதா?” என்று மல்லுக்கு நின்றார். சுற்றுச்சுவருக்கு அடிப்பது என்று முடிவானது.