தஞ்சை, திருவாரூர், நாகை நெல் கணக்கை அரசுத் தளத்திலிருந்து பைதானில் எடுப்பது எப்படி?

இந்திய அரசின் திறந்த தரவுத் தளமான டேட்டா.கவ்.இன்-இல் 1997 முதலான மாவட்டவாரி, பருவவாரி பயிர் உற்பத்தி அட்டவணை இருக்கிறது. நாடு முழுவதற்குமான அந்தக் கோப்பில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட வரிகள். அதில் டெல்டா மாவட்டங்களின் நெல் வரிகளை மட்டும் எடுத்து, நம்பிப் பயன்படுத்தும்படி சரிசெய்வதுதான் இங்கே வேலை. எடுப்பது அரை மணி நேரம்தான். சரிபார்ப்பில்தான் பலரும் தவறுகிறார்கள், அதனால் அதற்கே அதிக இடம் தருகிறேன்.

கட்டளைகளை இங்கே தமிழ் ஒலியில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடிக்க வேண்டும். மாறிகளின் பெயர் மட்டும் தமிழிலேயே இருக்கலாம், பைதான் 3 அதை ஏற்கும்.

தயாரிப்பு

டெர்மினலில் ‘பிப் இன்ஸ்டால் ரிக்வெஸ்ட்ஸ் பாண்டாஸ்’ என்று கொடுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் தரவைக் கேட்டு வாங்கும், பாண்டாஸ் அதை அட்டவணையாக்கும். அடுத்து தளத்தில் கணக்குத் தொடங்கி உங்களுக்கான ஏபிஐ (நிரல் வழியே தரவு கேட்கும் வாயில்) சாவியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு அட்டவணையின் ஏபிஐ பக்கத்திலும் ஒரு மாதிரிச் சாவி இருக்கும். அதைக் கொண்டு கேட்டால் 10 வரிக்கு மேல் வராது, பிழைச் செய்தியும் வராது. அந்தப் பத்து வரியை முழுத் தரவு என்று நினைத்துக்கொண்டு சராசரி போட்டுவிடுவது எளிது.

அதே பக்கத்தில் அட்டவணைக்கான அடையாள எண் நீளமாக, இடையிடையே கோடுகளுடன் இருக்கும். அதையும் நகலெடுத்து வையுங்கள். சாவியை நிரலுக்குள் எழுதாமல் சூழல் மாறியில் (நிரலுக்கு வெளியே, கணினியின் அமைப்பில் வைக்கும் மதிப்பு) வைப்பது நல்லது, நாளை நிரலை யாருடனாவது பகிரும்போது சாவியும் சேர்ந்து போகாது.

முதல் கோரிக்கை

‘ரிக்வெஸ்ட்ஸ்.கெட்’ கட்டளைக்கு, அந்த அடையாள எண்ணில் முடியும் ஏபிஐ முகவரியும் ‘பாராம்ஸ்’ என்ற அகராதியும் கொடுக்க வேண்டும். அகராதியில் சாவி, ஃபார்மட் (பதிலின் வடிவம், இங்கே ஜேசான்), லிமிட் (ஒரு தடவைக்கு எத்தனை வரி), ஆஃப்செட் (எத்தனை வரியைத் தாண்டித் தொடங்குவது) ஆகியவை இருக்கும். சாவிக்கான பெயரில் நடுவே ஒரு சிறு கோடு உண்டு, அதனால் அதை மேற்கோள் குறிக்குள்தான் எழுத முடியும். ‘டைம்அவுட்’டை 60 வினாடி என்று கட்டாயம் வையுங்கள். ரிக்வெஸ்ட்ஸ் தானாக நேர வரம்பு வைப்பதில்லை. சர்வர் பதில் தராவிட்டால் நிரல் அப்படியே நின்றுவிடும்.

முதல் தடவை லிமிட்டை 5 என்று வைத்து, வரும் பதிலை அச்சிட்டுப் பாருங்கள். அதில் ‘ஃபீல்ட்’ என்ற பகுதியில் நெடுவரிசைகளின் உண்மையான பெயர்கள் இருக்கும். சில பெயர்களின் கடைசியில் ஓர் அடிக்கோடு ஒட்டிக்கொண்டிருக்கும், அதை விட்டால் வடிகட்டி வேலை செய்யாது. ‘ஃபில்டர்ஸ்’ என்று எழுதி, சதுர அடைப்புக்குள் நெடுவரிசையின் பெயரைக் கொடுத்து, மாநிலம் தமிழ்நாடு, பயிர் ரைஸ் என்று வடிகட்டுங்கள். மாவட்டத்தை இங்கே வடிகட்ட வேண்டாம். திருவாரூருக்கு ஆங்கிலத்தில் குறைந்தது இரண்டு எழுத்துக்கூட்டல் புழங்குகிறது, ஒன்றை மட்டும் கேட்டால் மற்றது சத்தமில்லாமல் விடுபடும். மாநிலம் முழுவதையும் எடுத்து, பாண்டாஸின் ‘யுனீக்’ கட்டளையால் மாவட்டப் பெயர்களைப் பார்த்துவிட்டுத் தேர்ந்தெடுப்பதே பாதுகாப்பு.

பதிலில் ‘டோட்டல்’ என்ற எண் மிக முக்கியம். உங்கள் கேள்விக்கு மொத்தம் எத்தனை வரிகள் உண்டு என்பது அது. லிமிட்டை 1000 ஆக வைத்து, ஆஃப்செட்டை ஒவ்வொரு சுற்றிலும் வந்த வரிகளின் எண்ணிக்கை அளவுக்குக் கூட்டி, டோட்டலை எட்டும்வரை கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒத்துப்போகாவிட்டால் மேலே போகாதீர்கள். 200 என்ற நிலை எண் கோரிக்கை போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்லும், தரவு முழுமை என்று சொல்லாது. 403 வந்தால் சாவியைச் சரிபாருங்கள்.

சரிசெய்தல்

பருவப் பெயருக்குப் பின்னால் வெற்றிடங்கள் ஒட்டியிருக்கும். அவற்றை நீக்கும் ‘ஸ்ட்ரிப்’ போடாமல் காரிஃப் (தென்மேற்குப் பருவமழைக் காலச் சாகுபடி) என்று தேடினால் ஒரு வரியும் கிடைக்காது. குறுவை, சம்பா, தாளடி என்ற பகுப்பை அங்கே எதிர்பார்க்காதீர்கள். தேசியப் பகுப்புக்குள் நம் பருவங்கள் அப்படியே அடங்குவதில்லை, எனவே காரிஃப் வரியைக் குறுவை என்று எழுதிவிட வேண்டாம். ஆண்டும் நாள்காட்டி ஆண்டு அல்ல. வேளாண் ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடிகிறது, ஆகவே 2013 பொங்கலுக்கு அறுத்த சம்பா 2012இன் கணக்கில் நிற்கும்.

எண்கள் எழுத்தாக வரக்கூடும். ‘டு_நியூமெரிக்’ கட்டளையில் ‘எரர்ஸ்’ என்பதை ‘கோயர்ஸ்’ ஆக வைத்தால், எண்ணாக மாற முடியாதவை வெற்றுமதிப்பாகிவிடும். இங்கே ஒரு பெரிய ஆபத்து உண்டு: வெற்றுமதிப்புகளை மட்டும் கூட்டினால் பாண்டாஸ் 0 என்று விடை தரும். பதிவாகாத உற்பத்தி, வறட்சியில் கருகிய பயிர்போல அட்டவணையில் நிற்கும். டெல்டாவில் அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. கூட்டும்போது ‘மின்_கவுண்ட்’ 1 என்று கொடுத்தால் பூஜ்யத்துக்குப் பதில் வெற்றுமதிப்பே நிற்கும்.

மாவட்ட எல்லைகளையும் கவனியுங்கள். 2020க்குப் பிந்தைய ஆண்டுகள் உள்ள அட்டவணையை எடுத்தால், நாகப்பட்டினத்தின் பரப்பு திடீரென்று சரியும். நிலம் குறையவில்லை, மயிலாடுதுறை தனி மாவட்டமானது. நீண்ட கால ஒப்பீட்டுக்கு இரண்டையும் கூட்டி ஒரே பெயரில் வையுங்கள்.

பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துத் தென்னைக்காகத் தேங்காயையும் எடுப்பவர்கள் அதை நெல்லோடு கூட்டக் கூடாது. தேங்காய் காய் எண்ணிக்கையில் பதிவாகிறது, நெல் டன்னில்.

விளைச்சல் கணக்கு

உற்பத்தி பதிவாகாத வரிகளை முதலில் நீக்குங்கள். இல்லையென்றால் அவற்றின் பரப்பு மட்டும் கணக்கில் ஏறி விளைச்சல் குறைந்து தெரியும். பிறகு மொத்த உற்பத்தியை மொத்தப் பரப்பால் வகுக்க வேண்டும். பருவவாரி விளைச்சல்களின் சராசரியை எடுத்தால் சிறு பரப்புள்ள பருவம் பெரிய பருவத்துக்குச் சமமாகிவிடும்.

வரும் விடை ஹெக்டேருக்கு இத்தனை டன் அரிசி. நெல் அல்ல. மூன்று பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்ற கணக்கில் மாற்றுங்கள். ஹெக்டேருக்கு 3 டன் அரிசி என்றால் 4.5 டன் நெல். ஒரு ஹெக்டேர் 2.47 ஏக்கர், ஆக ஏக்கருக்குச் சுமார் 1,820 கிலோ, 60 கிலோ மூட்டையில் 30 மூட்டை, ஏக்கரில் மூன்றிலொரு பங்கான ஒரு ‘மா’ நிலத்துக்குப் பத்து. உங்கள் விடையை இப்படி மூட்டைக்கு மாற்றி ஊரில் யாரிடமாவது கேட்டுப் பாருங்கள். ஏக்கருக்கு 3 மூட்டை அல்லது 300 மூட்டை என்று வந்தால், முதலில் அலகைச் சரிபாருங்கள். ஒரே வரி இரண்டு தடவை ஏறியிருக்கிறதா என்பதையும் தனியே பாருங்கள். ஆஃப்செட் சரியாக நகராதபோது அப்படி நடக்கும். ‘டூப்ளிகேட்டட்’ கட்டளை அதைக் காட்டிக்கொடுக்கும்.

சரிசெய்வதற்கு முன்பே, வந்தபடியான தரவைத் தேதியோடு பெயரிட்டு ஒரு சிஎஸ்வி கோப்பாகச் சேமித்துக்கொள்ளுங்கள். தளத்தில் அட்டவணை திருத்தப்பட்டால், எந்த எண் எப்போது மாறியது என்று ஒப்பிட அந்தக் கோப்புதான் கையில் இருக்கும்.